தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டில் கொத்தமல்லி எந்த மாதம் போடலாம்? சித்திரையில் போட்டால் ஏன் உடனே பூத்துவிடுகிறது?

வெயில்தான் காரணம். கொத்தமல்லி குளிர் விரும்பும் செடி. சூடு ஏறி, பகலும் நீண்டால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூக்கப் போய்விடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதைத் தடுக்க முடியாது.

டெல்டாவில் இதற்கு நல்ல காலம் மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கி நாற்று அழுகிவிடும். அந்த மாதங்களில் போட்டே ஆக வேண்டுமென்றால் தொட்டியில், மணலும் மட்கிய சாணமும் கலந்து, தாழ்வாரத்து ஓரமாக வையுங்கள்.

விதைக்கும் முன் தனியாவைத் தரையில் பரப்பிக் கட்டையால் லேசாகத் தேயுங்கள். ஒவ்வொரு மணியும் இரண்டாகப் பிளக்கும். இரண்டிலும் ஒவ்வொரு விதை உண்டு. அரை அங்குல ஆழம் போதும். முளைக்கப் பத்து நாள் வரை ஆகும், அவசரப்பட்டுக் கிளறாதீர்கள். நாற்றைப் பிடுங்கி நட வேண்டாம், வேர் அசைந்தால் சீக்கிரம் பூத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பங்குனி வரை இலை கிடைக்கும்.

அப்புறம், கோடைக்குக் கறிவேப்பிலையை நம்புங்கள், அது வெயிலுக்கு அசராது. கடையில் வாங்கிய புதினாத் தண்டையே கிணற்றடி நிழலில் ஊன்றலாம், ஈரம் மட்டும் காயக்கூடாது. வெந்தயக்கீரை மூன்றே வாரத்தில் பறிக்கலாம். அதுவும் தை மாதத்தில்தான் செழிப்பாக வரும்.