நாலாவது ஆள் எங்கே?

கேள்வி: ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று வருடமாக மாற்றத்துக்கு மேல் மாற்றம்: ஃபைவ் எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை), கைசன் (வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்திக்கொண்டே போவது), இப்போது புது சாஃப்ட்வேர். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், லைனில் பழையபடிதான். போன வருடம் எங்கள் ஆட்கள் சொன்ன யோசனையால் நாலு பேர் வேலையை மூன்று பேரே முடித்தார்கள். பரிசும் கொடுத்தோம். அதற்குப் பிறகு யோசனைப் பெட்டியில் ஒரு சீட்டுகூட விழவில்லை. இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: நீங்கள் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அந்த நாலாவது ஆள் எங்கே போனார்? காண்ட்ராக்டில் இருந்தவர் என்றால் வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் ஆட்களுக்கு ஊக்கக் குறைவு எதுவும் இல்லை. யோசனை சொன்னால் பக்கத்தில் நிற்பவன் சோறு போகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

கைசனுக்குப் பேர்போன டொயோட்டாவும் இந்த அடியைப் பட்டிருக்கிறது. 1950-ல் பண நெருக்கடி, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். கடைசியில் கீச்சிரோ டொயோடா அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியிலிருந்தே விலகினார்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் நடந்ததையும் சொல்கிறேன். வேலைக்கு வராமை, ஓயாத தகராறு என்று பேர் கெட்டுப்போன ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடியது. 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களைத்தான் எடுத்தார்கள். குறை கண்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். ஆட்குறைப்பு கடைசி வழிதான், அதற்கு முன் மேலதிகாரிகளின் சம்பளம் குறையும் என்று தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1988 வாக்கில் விற்பனை படுத்தபோது யாரையும் நிறுத்தவில்லை. மிச்சமான ஆட்களைப் பயிற்சிக்கும் கைசன் வேலைக்கும் அனுப்பினார்கள். காகிதத்தில் இருந்ததை அந்த மாதங்களில்தான் ஆட்கள் உண்மையாக நம்பியிருப்பார்கள்.

சரி, கம்பெனிக் கொள்கை உங்கள் கையில் இல்லை. ஆனாலும் மேனேஜரிடம் போய், ‘கைசனால் மிச்சமாகும் ஆளை வேறு லைனுக்கு மாற்றுவோம், அனுப்ப மாட்டோம்’ என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கிடைத்த மாதிரிப் பேசாதீர்கள். ‘இதற்கு என்னால் உறுதி தர முடியவில்லை’ என்று லைனில் நின்றே சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் யோசனை கேட்பதையும் நிறுத்திவையுங்கள், கேட்பது நியாயமில்லை. சாஃப்ட்வேர் நிலைத்து ஓடும்வரை அடுத்த திட்டம் எதையும் தொடங்க வேண்டாம் என்றும் மேலே வாதாடுங்கள்.

அப்புறம், அந்த நாலாவது ஆளின் போன் நம்பர் லைனில் யாரிடமாவது இருக்கும். அவரைத் திரும்ப எடுக்க ஒரு இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.