ஊஹ்ட்சேயரே: வைகறைத் துயரத்துக்கு ஒரு பழைய ஆங்கிலச் சொல்

கேள்வி: வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களில் உங்கள் மனதில் நின்றது எது? அதன் பொருளும் பிறப்பும் என்ன?

எனக்கு 'ஊஹ்ட்சேயரே'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலச் சொல். அப்பா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் தினமும் மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது. அப்படி ஒரு நாள் கைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இது கண்ணில் பட்டது.

இரண்டு சொற்கள் சேர்ந்தது இது. 'ஊஹ்டா' என்றால் கிழக்கு வெளுப்பதற்கு முந்தைய, இரவின் கடைசிப் பகுதி. நம் வைகறை அப்படியே பொருந்துகிறது. துறவிகள் அந்த நேரத்தில் பாடும் வழிபாட்டுக்கு 'ஊஹ்ட்சாங்' என்று பெயர். 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் டிராகனுக்கு 'ஊஹ்ட்ஃப்ளோகா', அதாவது வைகறையில் பறப்பவன், என்று ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ஊஹ்டா செத்துவிட்டது. ஆனால் டச்சு மொழியில் காலைப்பொழுதைக் குறிக்கும் 'ஓக்டென்ட்' அதன் உறவுச்சொல்தான்.

இரண்டாவது சொல் 'சேயரு'. இன்று எல்லோருக்கும் தெரிந்த 'கேர்' இதன் வழியில் வந்தது. அக்கறை, பராமரிப்பு என்ற பொருளெல்லாம் பின்னால் ஏறியவை. அன்று அதன் முதற்பொருள் துயரம். லத்தீனின் 'கூரா'வோடு பலரும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். ஒலியும் பொருளும் நெருங்கி இருந்தாலும் இரண்டுக்கும் உறவு இல்லை.

இணையத்தில் இந்தச் சொல்லுக்கு 'விடிவதற்கு முன் விழித்துக்கொண்டு கவலைப்படுவது' என்று விளக்கம் போடுகிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நாளைய வேலையையும் கடன் தவணையையும் நினைத்துப் புரள்வது போல ஆகிவிடுகிறது. சொல் வரும் இடத்தைப் பார்த்தால் அதன் கனம் வேறு. இன்று நம்மிடம் உள்ள பழைய ஆங்கில எழுத்துகளில் அது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: 'மனைவியின் புலம்பல்' என்ற 53 வரிக் கவிதையின் ஏழாம் வரி. தலைப்புகூடப் பிற்காலத்தவர் வைத்ததுதான். பேசுபவள் பெண் என்பது சொற்களின் பெண்பால் விகுதியிலிருந்துதான் தெரிகிறது. கணவன் கடல் கடந்து போய்விட்டான். என் தலைவன் எந்த நாட்டில் இருக்கிறானோ என்று எனக்கு வைகறைத் துயரம் இருந்தது என்கிறாள். ஆள் எங்கே என்றே தெரியாத துயரம் அது.

கவிதை பிழைத்ததே பெரிய விஷயம். எக்ஸெட்டர் சுவடி என்ற ஒரே கையெழுத்துப் பிரதியில்தான் அது இருக்கிறது. 1072-இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரப் பேராலயத்துக்குக் கொடுத்த நூல் அது. அதன் மேல் கத்தி வைத்து எதையோ வெட்டியிருக்கிறார்கள், ஏதோ பாத்திரத்தை வைத்துக் கறையாக்கியிருக்கிறார்கள், கடைசி ஏடுகளைத் தீ துளைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் இந்தச் சொல் ஒருகாலத்தில் இருந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

அதே கவிதையில் ஊஹ்டா தனியாக இன்னொரு முறை வருகிறது. அவளை ஓக் மரத்தடியில் ஒரு மண்குகையில் இருக்க வைத்துவிட்டார்கள். ஊரில் காதலர்கள் படுக்கையில் கிடக்கும் நேரத்தில் அவள் வைகறையில் தனியே அந்தக் குகைகளைச் சுற்றி நடக்கிறாள். விடிந்தபின் கோடையின் நீண்ட பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்து அழுகிறாள்.