விக்கியில் சான்று சேர்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரை நான்கு இடங்களில் சான்றாகக் காட்டினேன். கீழே ஒரே நூல் நான்கு முறை வருகிறது. சான்றுக்குப் பெயர் வைத்துப் பார்த்தால் கட்டுரையில் இரண்டு பத்திகளையே காணோம். என்ன செய்வது?
– வாசகர், ஏற்காடு

பதில்: பத்திகள் அழியவில்லை, அடிக்குறிப்புக்குள் போய்க் கிடக்கின்றன. முதல் இடத்தில், சான்றை அடிக்குறிப்பாக்கும் ‘ரெஃப்’ (ref) குறிக்குப் பெயர் கொடுத்து, நூல் விவரம் முழுவதையும் எழுதி, மூடும் குறி போட வேண்டும். மற்ற மூன்று இடங்களில் விவரம் வேண்டாம். அதே பெயரோடு குறியை எழுதி, அது முடியும் இடத்தில் ஒரு சாய்கோடு போட்டால் போதும். அந்தச் சாய்கோடு விட்டுப்போனால், அடுத்த மூடும் குறி வரும்வரை உள்ள அத்தனையையும் மென்பொருள் அடிக்குறிப்பாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் பத்திகள் போனது இப்படித்தான். சாய்கோட்டைச் சேர்த்து முன்தோற்றம் பாருங்கள், திரும்பிவிடும்.

பெயரில் வெறும் எண் செல்லாது. ‘1918’ என்றால் சிவப்பில் பிழை காட்டும், நூலாசிரியர் பெயரோடு ‘ரிச்சர்ட்ஸ்-1918’ என்றால் ஏற்கும். பெயரைச் சுற்றி நேரான இரட்டை மேற்கோள்குறி வேண்டும். கைபேசி விசைப்பலகைகள் பல வளைந்த குறியைப் போட்டுவிடுகின்றன, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பிழை எளிதில் பிடிபடாது.

பக்க எண்ணை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான்கு தகவலும் நான்கு பக்கங்களில் இருக்கும். ஒவ்வொரு குறிக்கும் பின்னால் ‘ஆர்பி’ (rp) வார்ப்புருவில் (விவரத்தை நிரப்பினால் போதும் என்ற ஆயத்த அமைப்பு) அந்தந்தப் பக்க எண்ணைக் கொடுத்தால், நூல் ஒருமுறைதான் பட்டியலில் வரும், பக்கம் தனித்தனியே தெரியும். ரிச்சர்ட்ஸின் கெசட்டியரில் முதல் தொகுதியே இரண்டு பகுதிகள். எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால், சரிபார்க்க வருகிறவர் இரண்டையும் புரட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: நாளிதழ்ச் செய்தியின் தலைப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். பாதித் தலைப்புதான் தெரிகிறது, பக்கத்தில் சிவப்பு எழுத்து. தேதியிலும் பிழை காட்டுகிறது.
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: செய்தித் தளங்களின் தலைப்பில் ஒரு நிமிர்ந்த கோடும் (|) அதற்குப் பின் இதழின் பெயரும் இருக்கும். வார்ப்புருவில் அந்தக் கோடு ஒரு புலம் (ஒரு விவரத்துக்கான இடம்) முடிந்து அடுத்தது தொடங்குவதற்கான அடையாளம். அதனால் பின்னால் உள்ளதை மென்பொருள் தள்ளிவிடுகிறது. கோட்டையும் இதழின் பெயரையும் தலைப்பிலிருந்து நீக்கி, பெயரை நாளிதழுக்குரிய புலத்தில் எழுதுங்கள்.

தேதியை 12-05-2024 என்று எழுதியிருப்பீர்கள். 2024-05-12 என ஆண்டை முன்னால் வைத்தால் பிழை வராது.

கேள்வி: சான்று வார்ப்புருவில் குடும்பப் பெயருக்குத் தனிப் புலம் இருக்கிறது. தமிழ் ஆசிரியர் பெயரில் குடும்பப் பெயர் எது?
– வாசகர், ஓமலூர்

பதில்: தேட வேண்டாம். தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயர்ப் புலத்தில் போட்டால் காற்புள்ளியோடு தலைகீழாக வரும். ‘ஆத்தர்’ (author) என்ற ஒரே புலத்தில், நூலின் அட்டையில் உள்ளபடி முழுப்பெயரையும் எழுதுங்கள்.

கேள்வி: பழைய இணைப்பு திறக்கவில்லை. சான்றை நீக்கிவிடலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: கூடாது. பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைத் தேடுங்கள். பிரதி கிடைத்தால் பழைய முகவரியை அதன் இடத்திலேயே விட்டு, பிரதியின் முகவரியையும் சேமித்த தேதியையும் சேருங்கள். தேதி இல்லாவிட்டால் பிழை காட்டும். அது பிரதியின் முகவரிக்குள்ளேயே இருக்கிறது: நீண்ட எண்வரிசையின் முதல் எட்டு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள்.