ஒரே பிறந்த நேரத்துக்கு இரண்டு ஜாதகத்தில் சந்திர பாகையும் தசா இருப்பும் ஏன் வேறுபடுகின்றன? பஞ்சாங்கத்தை வைத்து நாமே சரிபார்க்க முடியுமா?

முடியும். திருக்கணித பஞ்சாங்கத்தின் (இன்றைய வானியல் கணக்குப்படி எழுதுவது) கிரக ஸ்புட அட்டவணையும், அதாவது கிரகங்கள் நிற்கும் பாகைப் பட்டியலும், ஒரு தாளும் போதும். உங்களுக்கு ராசிக் கட்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்து, தசா இருப்பு (பிறக்கும்போது நடக்கும் தசையில் மிச்சமுள்ள காலம்) மட்டும் சில மாதம் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஜோதிடம் பலிக்குமா பலிக்காதா என்ற வாதத்தோடு யாரும் வர வேண்டாம். இங்கே பேச்சு கணக்கைப் பற்றி மட்டுமே.

முதலில் அட்டவணை எந்த நேரத்துக்கு என்று பாருங்கள். பல திருக்கணிதப் பஞ்சாங்கங்களில் காலை 5.30 மணிக்கு ஸ்புடம் இருக்கும். கிரீன்விச் நள்ளிரவு நமக்கு 5.30 என்பதால் அந்த வழக்கம். சிலவற்றில் சூரிய உதயத்துக்கு இருக்கும். இதைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு. 60 கலை ஒரு பாகை, 30 பாகை ஒரு ராசி. பிறந்தது பிற்பகல் 2.50. அன்று 5.30-க்குச் சந்திரன் மிதுனம் 28 பாகை 40 கலை, மறுநாள் 5.30-க்குக் கடகம் 12 பாகை 10 கலை. ஒரு நாள் நடை 13 பாகை 30 கலை, அதாவது 810 கலை. 5.30-லிருந்து 2.50 வரை 560 நிமிடம். 810-ஐ 560-ஆல் பெருக்கி 1440-ஆல் வகுத்தால் 315 கலை, அதாவது 5 பாகை 15 கலை. கூட்டினால் கடகம் 3 பாகை 55 கலை. பூசம் தொடங்குவது கடகம் 3 பாகை 20 கலையில். ஆக பூசம் முதல் பாதம், நட்சத்திரத்தின் 800 கலையில் 35 கழிந்து 765 மிச்சம். பூசத்துக்கு உரிய சனி தசை 19 வருடம். 19-ஐ 765-ஆல் பெருக்கி 800-ஆல் வகுத்தால், கர்ப்பச்செல் (பிறக்குமுன் கழிந்த பகுதி) நீக்கி இருப்பு 18 வருடம் 2 மாதம் 1 நாள். சந்திரனின் நடை நாளுக்கு நாள் மாறுவதால் இந்த நேர்விகித முறையில் ஓரிரு கலை பிசகலாம். நட்சத்திரச் சந்தியில் (இரண்டு நட்சத்திரங்கள் சேரும் எல்லையில்) பிறந்தவர்களுக்கு மட்டும் அதைவிட நுட்பமான கணக்கு தேவை.

இந்த உதாரணத்தில் ஒரு கலை பிசகினால் இருப்பு கிட்டத்தட்ட 9 நாள் நகரும். 6 மணி உதயத்துக்கான அட்டவணையை 5.30 என்று எடுத்தால் 17 கலை, அதாவது 5 மாதம் போய்விடும்.

இனி உங்கள் இரண்டு ஜாதகத்தையும் கிரகம் கிரகமாகக் கழித்துப் பாருங்கள். எல்லாக் கிரகமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அயனாம்சம் வேறு, அதாவது மேஷத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதற்காகக் கழிக்கும் பாகை வேறு. லாகிரி அயனாம்சம் மேகநாத சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் 1955 அறிக்கையை ஒட்டியது, 21.3.1956-க்கு 23 பாகை 15 கலை, வருடத்துக்கு 50 விகலைக்குச் சற்று மேல் கூடும் (60 விகலை ஒரு கலை). கிருஷ்ணமூர்த்தி பத்ததி என்ற ஜோதிட முறையினுடையது அதைவிட 6 கலை அளவே குறைவு. ராமன் அயனாம்சமோ லாகிரியைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை பாகை குறைவு. மேலே உள்ள உதாரணம் லாகிரிப்படி என்று வைத்து, ராமனுக்கு மாற்றினால் சந்திரன் முன்னே நகர்ந்து, இரண்டு வருடத்துக்கு மேல் இருப்பு குறையும்.

சந்திரனும் லக்னமும் மட்டும் நகர்ந்து, குரு சனி அப்படியே இருந்தால் நேரத்தில் தவறு. 1.9.1942 முதல் 15.10.1945 வரை இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. அக்காலத்தில் பிறந்த பெரியவர்களின் ஜாதகத்தைக் கணினியில் போடும்போது இது அடிக்கடி விடுபடும், லக்னமே மாறிவிடலாம். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த ஊரின் கோடைகால மணி மாற்றத்தையும் சேர்த்து இந்திய நேரமாக்கினால் நம் பஞ்சாங்கத்தின் ஸ்புடமே போதும். கிரக ஸ்புடம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மாறுவது லக்னமும் உதயமும்தான்.

கிரகத்துக்குக் கிரகம் வித்தியாசம் ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒன்று வாக்கியம் (பழைய வாய்பாட்டின்படி கணிப்பது), மற்றது திருக்கணிதம். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 17.1.2023, வாக்கியப்படி 20.12.2023, திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது இரண்டாவதை. வாக்கியத்தைக் குறை சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். கோயில் காரியத்துக்கு அந்தக் கோயிலின் மரபே பிரமாணம். ஒன்றின் சந்திரனையும் இன்னொன்றின் சனியையும் ஒரே கட்டத்தில் போடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ராகு கேது மட்டும் வேறுபட்டால் ஒன்றில் சராசரி ராகு (சீரான நடையில் கணித்தது), மற்றதில் உண்மை ராகு (நடையின் ஏற்ற இறக்கத்தோடு கணித்தது). ஒன்றரை பாகை வரைகூட வித்தியாசம் வரும். ராகுவுக்கும், வக்ரத்தில் இருக்கும் கிரகத்துக்கும், மறுநாள் பாகை குறைந்திருக்கும். அங்கே கூட்டாமல் கழியுங்கள்.

என் ஆதங்கம் வேறொன்று. கட்டம் மட்டும் அச்சிட்டு, பாகையும் அயனாம்சமும் இல்லாமல் கணினி ஜாதகம் கொடுக்கிறார்கள். பார்ப்பவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். பணம் கொடுத்து ஜாதகம் எழுதுவிப்பவர்கள் கையில் வாங்கும்போதே ஒன்பது கிரகத்தின் ஸ்புடத்தையும், எடுத்த அயனாம்சத்தின் பெயரையும், எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.