விட்டுப்போன 100 பேருக்குப் பதிலா பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்க்கலாமா?

கேள்வி: "சீனி வருத்தம் பற்றின ஒரு ஆராய்ச்சிக்கு கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் டேட்டா எடுக்கிற வேலை செய்யுறேன். ரெண்டு வருசத்துக்கு முதல் சீனி இல்லாத 400 பேரைப் பார்த்துச் சேர்த்தோம், இப்ப ரெண்டாவது ரவுண்டுக்குப் போனா 300 பேர்தான் கிடைச்சாங்க. மிச்ச 100 பேர்ல சிலர் வீடு மாறிட்டாங்க, சிலர்ட போன் வேலை செய்யுதில்ல, சிலர் வெளிநாடு. ஆராய்ச்சியை நடத்துற சேர் சொல்றார், அதே லேன்ல அதே வயசு ஆக்களா 100 பேரைப் போட்டு 400 ஆக்கு என்டு. மனசு ஒத்துவருதில்ல. செய்யலாமா?" (கொட்டாஞ்சேனை வாசகி ஒருத்தர்)

செய்யாதீங்க தங்கச்சி. உங்கட மனசு சொல்றதுதான் சரி, ஆனா சேர்ட்ட போய் "மனசு சொல்லுது" என்டு சொல்ல ஏலாதே, அதால காரணத்தைக் கணக்காவே தாறன்.

உங்கட ஆராய்ச்சி கேக்கிற கேள்வி என்ன? இன்டைக்கு இந்த ஏரியால எத்தனை பேருக்குச் சீனி இருக்கு என்டது இல்ல. சீனி இல்லாம இருந்த ஆக்கள்ல ரெண்டு வருசத்தில எத்தனை பேருக்குப் புதுசா வந்திச்சு, யாருக்கு வந்திச்சு என்டதுதான். 300 பேர்ல 30 பேருக்கு வந்திருக்கு என்டு வைப்பம், 10%. இப்ப பக்கத்து வீடுகள்ல 100 பேரைப் பிடிச்சு இரத்தம் எடுக்கிறீங்க, அதில 20 பேருக்குச் சீனி. கூட்டினா 400க்கு 50, 12.5%. இந்த 12.5 என்னத்தைச் சொல்லுது? அந்த 20 பேர்ல ஒருத்தருக்கு பத்து வருசமா சீனி இருந்திருக்கலாம், இன்னொருத்தருக்குப் போன மாசம் வந்திருக்கலாம், ரெண்டு வருசத்துக்கு முதல் நீங்க அவங்களைப் பார்க்கவே இல்லையே. புதுசா வந்ததையும் பழசா இருந்ததையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டினா வாற நம்பருக்கு அர்த்தமே இல்ல, யாரும் வைவால (வாய்மொழிப் பரீட்சையில) ஒரு கேள்வி கேட்டா சேரும் நீங்களும் முழிக்க வேண்டியதுதான்.

சேர் முழுசாப் பிழை என்டும் சொல்லமாட்டன். இடத்தைப் பின்தொடர்ற ஆராய்ச்சியும் இருக்கு. பங்களாதேசத்தில மட்லப் என்ட இடத்தில 1966ல இருந்து பிறப்பு, இறப்பு, குடி வாறது, குடி போறது எல்லாத்தையும் வீடு வீடாப் பதிஞ்சு வாறாங்க. அங்க புதுசா குடி வந்தவர் வந்த நாள்ல இருந்து கணக்கில சேருவார், போனவர் போன நாளோட வெளியேறுவார். ஆனா அங்கயும் போனவர்ட கதிரையில வந்தவரை இருத்துறதில்ல, ரெண்டு பேருக்கும் வேற வேற நம்பர். உங்கடது ஆக்களைப் பின்தொடர்ற ஆராய்ச்சி, அந்த 400 பேர் அந்த 400 பேர்தான், செத்தாலும் கனடா போனாலும் லிஸ்ட்ல இருப்பாங்க.

சரி, 300ஐ மட்டும் வச்சு 10% என்டு எழுதினா என்ன என்டு கேப்பீங்க. எழுதலாம், ஆனா அந்த 100 பேரும் இந்த 300 பேர் மாதிரியான ஆக்கள் என்டு நீங்க சத்தியம் பண்ணின மாதிரி ஆகும். யோசிச்சுப் பாருங்க யார் விட்டுப்போறது என்டு: வாடகை கட்ட ஏலாம வத்தளைப் பக்கம் போனவங்க, தோட்டம் என்டு சொல்ற சேரி வீட்டை உடைச்சதால தொடர்மாடிக்குப் போனவங்க, புறக்கோட்டைக் கடையில நின்ட மலையகப் பெடியன் கடை மாறினது, வருத்தம் கூடி மகள் வீட்டோட போய் இருக்கிற அம்மா, இறந்துபோனவங்க. சொந்த வீட்டில அசையாம இருக்கிற ஆக்களைத்தான் நாங்க லேசாப் பிடிக்கிறம். விட்டுப்போன 100ல ஒருத்தருக்கும் சீனி வராட்டி உண்மையான கணக்கு 7.5%, எல்லாருக்கும் வந்திருந்தா 32.5%. அந்த ரெண்டுமே நடக்காது, ஆனா 100ல 30 பேருக்கு வந்திருந்தாலே உங்கட 10 போய் 15 ஆகிடும். உங்கட முடிவு 300 பேர்ட்ட இருக்கிறதை விட அந்த 100 பேர்ட்டத்தான் கூட இருக்கு.

இந்தத் தலையிடி உங்களுக்கு மட்டும் இல்ல. நம்மட நாட்டிலயே ராகம சுகாதார ஆய்வில 2007ல 35 தொடக்கம் 64 வயசு வரைக்குமான 2985 பேரைச் சேர்த்தாங்க, 2014ல திரும்பப் பார்க்கேக்க வந்தது 2148 பேர், 72%. அதை மறைக்காம எழுதினாங்க, ஆய்வு நிக்குது. அவங்களுக்கு இடையில ஏழு வருசம், உங்களுக்கு ரெண்டுதான், அதால 75% என்டது வெக்கப்பட வேண்டியதில்லாட்டியும் இன்னும் தேடலாம் என்டுதான் நான் சொல்லுவன். 1951ல பிரித்தானியாவில டோல், ஹில் என்ட ரெண்டு பேர் சிகரெட்டைப் பற்றி ஆராய டாக்டர்மாரைப் பிடிச்சதுக்கு ஒரு காரணம் இதுதான், டாக்டர்மாரிட பேர் பதிவேட்டில இருக்கும், எங்க போனாலும் தேடிப் பிடிக்கலாம். அம்பது வருசம் பின்தொடர்ந்து, சிகரெட்டை விடாத ஆக்கள் சராசரியா பத்து வருசம் முந்திச் சாகிறாங்க என்டு 2004ல எழுதினாங்க. ஃபிரேமிங்ஹாம் என்ட அமெரிக்க டவுன்ல 1948ல தொடங்கி 5209 பேரைச் சேர்த்த இதய ஆய்வும் அப்பிடித்தான், ஆக்கள் அவ்வளவா இடம் மாறாத ஊராப் பார்த்துத்தான் எடுத்தாங்க. நீங்க எடுத்தது கொழும்பு, இங்க கனபேர் வாடகை வீடு. அப்ப இந்த வேலைல பாதி தேடுறதுதான் என்டு முதலே நினைச்சிருக்கணும், ஆனா அதை உங்கள்ட்டச் சொல்லி வேலை இல்ல.

தேடுறதுக்கு வருவம். முதல்ல வெயில்ல இறங்காம லிஸ்ட்டோட ஒரு நாள் இருங்க. எங்கட பேர்கள் ஒரு பெரிய வில்லங்கம், கலியாணத்துக்கு முதல் தகப்பன்ட இனிஷியல், பிறகு புருசன்ட பேர், இங்கிலீஷ்ல எழுதேக்க ஒரே பேரை நாலு விதமா எழுதுவாங்க. பேரால தேடாதீங்க, ஐடி நம்பரால தேடுங்க. அதிலயும் ஒரு பொறி இருக்கு: 2016ல இருந்து புது ஐடிக்கு 12 இலக்கம், அப்ப முதல் ரவுண்ட்ல பழைய நம்பர் தந்தவர் இப்ப புதுசு தந்தா கம்பியூட்டர் ரெண்டு ஆள் என்டு நினைக்கும். பழைய நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டு அந்த வருசத்தில எத்தனையாவது நாள் என்டது, பெண்களுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். புதுசில வருசம் நாலு இலக்கமா வரும், நாளுக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழையும், கடைசி எழுத்து போயிடும். இதை வச்சு ரெண்டு லிஸ்ட்டையும் பொருத்திப் பாருங்க.

பிறகு போன். இலங்கை நம்பர் வேலை செய்யாட்டியும் வட்ஸ்அப் அதே நம்பர்ல ஓடும், வெளிநாடு போன ஆக்கள் கனபேர் அதை விடுறதில்ல. முதல் ரவுண்ட் ஃபோர்ம்ல உறவுக்காரர் ரெண்டு பேர்ட நம்பர் வாங்கினீங்களா? வாங்கியிருந்தா அதுதான் தங்கம், வாங்காட்டி இந்த ரவுண்ட்ல 300 பேர்ட்டயும் வாங்குங்க. வீட்டுக்குப் போறதா இருந்தா போயா நாள் (பௌர்ணமி லீவு), ஞாயிறு பின்னேரம். தீபாவளி, தைப்பொங்கலுக்கு முன்பின் போகாதீங்க, மலையகத்து ஆக்கள் ஊருக்குப் போயிடுவாங்க, நீங்க "ஆள் இல்ல" என்டு எழுதிட்டு வருவீங்க. கிராம சேவகர், அந்த ஏரியா மிட்வைஃப் மிஸ், ரெண்டு பேருக்கும் யார் எங்க போனாங்க என்டு தெரியும். நான் இந்த வேலை தொடங்கின காலத்தில ஒரு அன்ரியை மூண்டு மாசம் தேடிட்டு "மறுத்துவிட்டார்" என்டு எழுதிட்டன், வெக்கக்கேடு, கடைசில பார்த்தா அதே கட்டிடத்தில மேல் மாடிக்கு மகளோட போயிருக்கிறா. கீழ கடைக்காரரைக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

ஆனா கடைக்காரரைக் கேக்கேக்க வாயை அளந்து கதைங்க. "அந்த அக்காட சீனி வருத்த ஆராய்ச்சி" என்டு சொன்னா அவட வருத்தத்தை லேன் முழுக்கச் சொன்ன மாதிரி. சுகாதார விசயம் 2022ம் ஆண்டு 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில விசேசமாக் கவனிக்கச் சொல்லப்பட்ட வகை, எத்திக்ஸ் கமிட்டிக்கு நீங்க எழுதிக் குடுத்த வழியில மட்டும்தான் தேடலாம், புது வழி வேணுமெண்டா அவங்கள்ட்ட திரும்பக் கேக்கணும். இன்னொன்டு, நீங்க அனுப்பின எக்செல் ஷீட்ல "காணாமல் போனோர்" என்டு ஒரு தலைப்புப் பார்த்தன். இன்டைக்கே மாத்துங்க. யுத்தத்துக்குப் பிறகு எங்கட ஆக்களுக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அந்தத் தாளோட ஒரு தாய்ட வீட்டு வாசல்ல போய் நின்டிடாதீங்க. "தொடர்பு கிடைக்காதோர்" என்டு போடுங்க. லிஸ்ட்டும் கையுமா வந்து ஐடி நம்பர் கேக்கிற ஆளைக் கண்டா வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைல வயசான ஆக்களுக்கு யுத்த காலத்து வீட்டுப் பதிவுதான் ஞாபகம் வரும், கதவைத் திறக்காட்டி கோவிக்காம தமிழ்ல ஒரு கடிதம் குடுத்திட்டு இன்னொரு நாள் வாங்க.

அந்த 100 பேர்ல ஒவ்வொருத்தருக்கும் காரணமும் திகதியும் எழுதுங்க: இறந்தவர் எப்ப, என்னத்தால, வெளிநாடு போனவர் எந்த மாசம், மறுத்தவர், ஒண்டும் தெரியாதவர். திகதி ஏன் என்டா, 14வது மாசம் இங்க செக் பண்ணி சீனி இல்ல என்டு ரிப்போட் வச்சிருந்து, பிறகு கனடா போனவர் உங்களுக்குப் பூச்சியம் இல்ல, 14 மாசம். ஒவ்வொருத்தரும் எத்தனை மாசம் உங்கட கண்காணிப்பில இருந்தார் என்டு கூட்டி, புதுசா சீனி வந்த ஆக்கள்ட எண்ணிக்கையை அந்த மொத்தத்தால பிரிக்கிறதுதான் இந்த வகை ஆராய்ச்சிட சரியான கணக்கு. வெளிநாட்டில இருக்கிறவரை வட்ஸ்அப்ல கேக்கலாம், டாக்டர் உங்களுக்குச் சீனி என்டு சொன்னாரா என்டு. ஆனா அதையும் நீங்க வெறுவயித்தில எடுத்த இரத்தத்தையும் ஒரே நிரல்ல போடவேண்டாம், சீனி இருக்கிறது தெரியாமலே திரியிற ஆக்கள் கனக்க, வாயால கேட்டா அவங்க "இல்ல" என்டுதான் சொல்லுவாங்க.

பிறகும் ஒரு 50, 60 பேர் கிடைக்காட்டி அதோட விடுங்க. ரெண்டு வருசத்துக்கு முதல் எடுத்த டேட்டால கிடைச்சவங்களையும் கிடைக்காதவங்களையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வயசு, நிறை, வாடகையா சொந்த வீடா, சிகரெட், முதல் சீனி அளவு எல்லாம் ஒப்பிட்டு ஒரு டேபிள் போடுங்க. வித்தியாசம் இருந்தா கிடைச்சவங்கள்ல விட்டுப்போனவங்களை மாதிரி இருக்கிற ஆக்களுக்குக் கூட வெயிட் குடுத்துக் கணக்கைத் திருத்தலாம், அது ஸ்டாட்ஸ் தெரிஞ்ச ஒருத்தர்ட வேலை, சேர்ட டிபார்ட்மென்ட்லயே யாராவது இருப்பாங்க.

சேர்ட்ட எப்பிடிச் சொல்றது என்டும் பயமா இருக்கும். பிழை பிடிக்கிற மாதிரிப் போகாம, "சேர், அந்த 100 பேரை வேணுமெண்டா தனி குறூப்பா இன்டைக்கு இருந்து தொடங்குவம், பழைய 400க்குள்ள கலக்காம" என்டு கேட்டுப் பாருங்க. சீனி இல்லாத ஆக்களை மட்டும் அதில எடுத்தா அவங்களுக்கும் ரெண்டு வருசத்தில ஒரு ரவுண்ட் வரும், அவருக்கும் அடுத்த பேப்பருக்கு ஆள் கிடைக்கும். அதுக்கு நடுவில உங்கட லிஸ்ட்டில முதல்ல ஐடி நம்பரைப் பொருத்துங்க, அந்த 100ல ரெண்டு மூண்டு பேர் உங்கட 300க்குள்ளயே வேற இனிஷியலோட இருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்ல.