பைத்தானில் வரைந்த நெட்வொர்க் படம் குட்டியாக வருகிறது, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பெரிதாக்கிப் படிக்கும்படி செய்வது எப்படி?

பைத்தானில் படம் வரைய உதவும் நெட்வொர்க்எக்ஸ், மேட்பிளாட்லிப் நிரல் நூலகங்களைப் பயன்படுத்துகிறீர்கள், டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை) கூட்டிப் பார்த்துச் சலித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டிபிஐ மொத்தப் படத்தையும் ஊதிப் பெரிதாக்கும். நெரிசல் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது ஃபிக்சைஸ், அதாவது படத்தின் நீள அகலம். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 6.4க்கு 4.8 அங்குலம். 20க்கு 15 ஆக்குங்கள். நிலையங்களைக் குறிக்கும் வட்டப் புள்ளியும் எழுத்தும் பாயிண்ட் கணக்கில் இருப்பதால் பழைய அளவிலேயே நிற்கும், இடைவெளி மட்டும் விரியும். புள்ளியின் அளவைச் சொல்லும் நோட்சைஸ் என்பது பரப்பளவு. வட்டத்தின் விட்டம் இரட்டிக்க 300ஐ 1200 ஆக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் கோலாலம்பூர் ரயில் தடங்களை வரைந்து கேட்டார்கள். புள்ளிகளைத் தானே பரப்பி வைக்கும் ஸ்பிரிங் லேஅவுட்டில் மஸ்ஜிட் ஜாமேக், ஹங் துவா, தித்திவங்சா எல்லாம் நடுவில் முட்டிக்கொண்டன. ஓட்டும்போதெல்லாம் வேறு உருவம். சீட் எண் கொடுத்தால் உருவம் நிலைக்கும், கே மதிப்பைக் கூட்டினால் புள்ளிகள் விலகும், உண்மைதான். ஆனால் நிலையங்களுக்குத்தான் சொந்த இடம் இருக்கிறதே! தீர்க்கரேகை, அட்சரேகைகளை நானே நிரப்பினேன்; நகர மையத்து நிலையங்களை மட்டும் கையால் சற்றுத் தள்ளி வைத்தேன். அந்த இடப்பட்டியலை நகலெடுத்து, எக்ஸ் மதிப்பைக் கொஞ்சம் கூட்டிப் பெயர்களுக்குக் கொடுத்தேன். பெயர்கள் புள்ளிகளை விட்டு விலகி நின்றன. "எக்செல் போதுமே" என்ற மேலதிகாரி இப்போது அந்தப் படத்தைத் தம் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

தூரத்தை மாற்றுவது மோசடி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1933இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் படத்தில் ஹாரி பெக் செய்ததும் அதுதான். கையால் இழுத்து அமைக்கும் கெஃபி மென்பொருளுக்குப் போகச் சொல்பவர்களும் பொறுங்கள். புதிய தடம் வந்தால் நிரலை மறுபடி ஓட்டினால் எனக்கு வேலை முடிந்தது.

என் ஆத்திரமெல்லாம் வேறு. நிலையப் பெயர்களைத் தமிழில் இட்டால் வெறும் கட்டங்கள்தான் வந்தன, ஏனென்றால் இயல்பாக அமைந்த டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் 'செந்தூல்' என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. கணினித் தமிழ் மாநாடுகளில் பொன்னாடை போர்த்துகிறார்கள், இதை யார் கவனிக்கிறார்கள்? இப்போதைக்கு மேட்பிளாட்லிப்பின் எஸ்விஜி.ஃபாண்ட்டைப் அமைப்பை 'நன்' (none) என்று மாற்றி, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகச் சேமித்து உலாவியில் திறக்கிறேன். எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்படுவதால் உலாவி அதை ஒழுங்காகக் காட்டிவிடுகிறது. ஏ3 தாளில் அச்சிட்டாலும் மங்கவில்லை.