'புத்தகம் என்றால் உயிர்' என்று சொன்னால் போதுமா?

கேள்வி: இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்கான புத்தகம் போடும் பதிப்பகத்தில் எடிட்டர் ஆக வேண்டும் என்பது என் கனவு. இரண்டு இடங்களில் கடைசிச் சுற்று வரை போய்த் தவறிவிட்டது. அடுத்த மாதம் நான் மிகவும் மதிக்கும் பதிப்பகத்தில் இன்டர்வியூ. 'புத்தகம் என்றால் எனக்கு உயிர்' என்று மனதாரச் சொல்லியும் எடுபடவில்லை. க்ளெய்ம் படிவத்தின் விளக்கக் குறிப்பை மாற்றி எழுதியதைத் தவிர எழுத்து சார்ந்த அனுபவம் கிடையாது. நான் தனித்துத் தெரிய என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தப் படிவ விஷயத்தை 'தவிர' என்று ஒரே வார்த்தையில் ஓரங்கட்டிவிட்டீர்களே! நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதற்கு முன், மேஜைக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் சில வருடங்கள் அங்கே உட்கார்ந்தவன். காலையிலிருந்து ஆறு பேரைப் பார்த்தால் சாயங்காலம் முகங்கள் குழம்பிவிடும். கையில் மிஞ்சுவது மதிப்பெண் தாளும் அதில் கிறுக்கிய குறிப்புகளும்தான். ஆளெடுப்பு பற்றிய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போகிற போக்கில் பேசிப் பார்ப்பதைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பது அதில் ஒரு முடிவு. பல நிறுவனங்கள் இப்படித் தாளும் கையுமாக உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம். 'புத்தகம் என்றால் உயிர்' என்பதைக் கேட்டு அந்தத் தாளில் என்ன எழுதுவது? 'ஆர்வம் உண்டு.' ஆறு தாளிலும் அதே வரி இருக்கும்.

சரி, படிவத்துக்கு வருவோம். அதை மாற்றச் சொல்லி யாராவது கேட்டார்களா, நீங்களாகச் செய்தீர்களா? எந்த வரியில் ஆட்கள் தடுமாறினார்கள், அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எதை வெட்டினீர்கள்? 'இந்த வார்த்தையில் கை வைக்காதே' என்று யாராவது முறைத்திருப்பார்களே, அவரை எப்படிச் சமாளித்தீர்கள்? இன்னொருவர் எழுதியதைப் படிப்பவருக்குப் புரியும்படி செப்பனிடுவதும், எழுதியவர் மனம் கோணாமல் வெட்டுவதும்தானே எடிட்டர் வேலை?

இதை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையை 'ஸ்டார்' முறை என்று கற்றுக்கொடுப்பார்கள். பலர் நிலைமையை விவரிப்பதிலேயே மூச்சு வாங்கிவிடுவார்கள். பாதி நேரத்தையாவது மூன்றாவதற்குக் கொடுங்கள். அங்கே 'நாங்கள்' வேண்டாம், 'நான்' என்றே சொல்லுங்கள். பணிவு காட்டப்போய் உங்கள் பங்கு காணாமல் போய்விடும். தவறாக நிரப்பப்பட்டுத் திரும்பும் படிவங்கள் குறைந்தனவா என்று ஆபீஸில் விசாரியுங்கள். கணக்கு கிடைக்காவிட்டால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். எண்ணைக் கற்பனை செய்தால் அடுத்த கேள்வியிலேயே பல்லிளித்துவிடும்.

அடுத்தது, அந்தப் பதிப்பகம் சமீபத்தில் போட்ட இரண்டு புத்தகங்களை எடிட்டர் கண்ணோடு படியுங்கள். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத் தாளை மடிக்கும் கணக்கில் அமைந்த அளவு அது. அதற்குள் கதை எப்படி அடங்கியிருக்கிறது? பக்கம் திருப்பும் இடத்தில் எதைச் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள்? படம் காட்டிவிட்டதையே வரியும் திருப்பிச் சொல்கிறதா? வாய்விட்டுப் படித்தால் நாக்கு எங்கே இடறுகிறது? ரசித்தது ஒன்று, வேறு மாதிரி யோசித்துப் பார்த்தது ஒன்று, இரண்டையும் மனதில் வையுங்கள். ரொம்பக் குறை சொல்லிவிடாதீர்கள், அந்தப் புத்தகத்தின் எடிட்டரே எதிரில் உட்கார்ந்திருக்கலாம்!

'இது என் கனவு' என்பதை ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டாம். உங்கள் கனவைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, புத்தகம் சொன்ன தேதிக்கு அச்சுக்குப் போக வேண்டும் என்பதுதான் கவலை. கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். 'ஒரு கதையை ஏற்றபிறகு எழுத்தாளரோடு எத்தனை சுற்று திருத்தம் நடக்கும்?' என்று கேளுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். உடை, கைகுலுக்கல் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தவறிப்போன இரண்டு இடங்களுக்கும் 'என்னிடம் எது குறைவாகப்பட்டது?' என்று இரண்டே வரியில் மெயில் போடுங்கள். பதில் வராமலும் போகலாம், கேட்டதில் நஷ்டம் இல்லை.

அப்புறம், இன்று ராத்திரியே உட்கார்ந்து, படிவத்தின் பழைய விளக்கக் குறிப்பில் எந்த வரியை ஏன் மாற்றினீர்கள் என்று நினைவிருக்கும் வரை எழுதுங்கள். அந்தப் படிவக் குறிப்பையே இன்டர்வியூவுக்கு எடுத்துப்போக நினைத்தால், ஆபீஸில் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.